இழிவின் மரம் வழிபாட்டுச் சின்னமான வரலாறு



மாதா கோயிலின் உச்சியிலே சிலுவையைக் காண்கிறோம். கல்லறைத் தோட்டத்திலும், கழுத்துச் சங்கிலியிலும் அதையே காண்கிறோம். கண்ணுக்குப் பழகிவிட்ட பொருளைப் பற்றி நாம் கேள்வி கேட்பதில்லை. ஆனால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியன் ஒருவன் இன்று எழுந்து வந்தால் திடுக்கிட்டு நிற்பான். கழுமரத்தைக் கோபுரத்தின் மேல் நட்டு வணங்கும் மக்களைக் கண்டால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அவனுக்கு.

சிலுவை ரோமப் பேரரசின் கொலைக்கருவி. அது பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனையாக இருந்தது. கி.மு. 73-இல் ஸ்பார்ட்டகஸ் என்னும் அடிமை வீரனின் தலைமையில் பெருங்கலகம் மூண்டது. கி.மு. 71-இல் அது அடக்கப்பட்டபோது, பிடிபட்ட ஆறாயிரம் பேரை காப்புவா நகரிலிருந்து ரோம் வரை சாலையோரத்தில் சிலுவைகளில் அறைந்தார்கள் என்று அப்பியன் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். உயிரைப் போக்குவது மட்டும் அதன் நோக்கமன்று. வழிப்போக்கர் அனைவரும் பார்த்து நடுங்க வேண்டும். செத்தவனுக்கு மானமும் மிஞ்சக் கூடாது. சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் காதில் விழக் கூடாது என்னும் கருத்துப்பட வாதிட்டார் சிசரோ என்னும் பேச்சாளர்.

1968-இல் எருசலேம் அருகே ஒரு பழங்கல்லறையில் எலும்புப் பெட்டியொன்று கிடைத்தது. அதனுள் இருந்த குதிகால் எலும்பில் இரும்பு ஆணி பாய்ந்தபடியே இருந்தது. ஆணியின் முனை வளைந்துவிட்டதால் அதைப் பிடுங்க இயலாமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். ஏட்டில் படித்த கொடுமையை அந்த எலும்பு நம் கண்முன் நிறுத்துகிறது.

இத்தகைய சாவைத்தான், யூதேயாவின் ஆளுநராக இருந்த பொந்தியு பிலாத்து இயேசுவுக்கு விதித்தான். தம் தலைவர் இவ்வாறு இறந்தார் என்பதைச் சீடர்கள் மறைத்திருக்கலாம். அவர்கள் மறைக்கவில்லை. ஏறத்தாழ கி.பி. 55-இல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில், சிலுவையைப் பற்றிய செய்தி யூதருக்கு இடறலாகவும் பிறருக்குப் பைத்தியமாகவும் தோன்றுகிறது என்பதைப் பவுல் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டும் அதையே போதிக்கிறார்.

அந்த ஏளனத்திற்குச் சான்றும் உண்டு. ரோம் நகரின் பாலத்தீன் குன்றில் 1857-இல் ஒரு சுவர்க் கிறுக்கல் வெளிப்பட்டது. சிலுவையில் கழுதைத் தலையுடன் ஓர் உருவம். கீழே அதை வணங்கும் ஒருவன். அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று கேலியாக எழுதப்பட்டிருக்கிறது. சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்றாக நமக்குக் கிடைத்திருப்பது இந்தப் பகடிதான்!

தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் மீன், நங்கூரம், ஆடு சுமக்கும் மேய்ப்பன் ஆகியவற்றையே மிகுதியும் வரைந்தனர். கி.பி. 312-இல் கான்ஸ்டன்டைன் மன்னன் மில்வியப் பாலப் போரில் வென்று, கிறிஸ்தவத்தை ஆதரித்த பிறகே நிலைமை மாறியது. சிலுவைத் தண்டனையை அவன் ஒழித்தான் என்று பிற்கால ஆசிரியர்கள் கூறுகின்றனர். ஆயினும் கூச்சம் உடனே நீங்கவில்லை. ரோமிலுள்ள புனித சபீனா ஆலயத்தின் ஐந்தாம் நூற்றாண்டு மரக்கதவில், கைவிரித்து நிற்கும் இயேசுவைக் காண்கிறோம். பின்னாலிருக்கும் சிலுவையோ கண்ணுக்கு அரிதாகவே புலப்படுகிறது.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் சிலுவையில் காண்பது என்ன? மனிதரின் பாவத்திற்காகத் தம்மையே பலியாக்கிய அன்பை என்பது முதல் விடை. கடவுள் அரியணையை விட்டிறங்கி, அடிமையின் சாவைத் தாமே ஏற்றார் என்பது மற்றொன்று. மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல் இல்லாவிட்டால் சிலுவை வெறும் தோல்வியே என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்வார்கள். கத்தோலிக்கர் இயேசுவின் திருவுருவோடு கூடிய சிலுவையைப் போற்றுவதும், புராட்டஸ்டண்டு சபையார் பலர் வெறுஞ்சிலுவையை வைப்பதும் இவ்விரு பக்கங்களையும் காட்டுகின்றன.

தமிழருக்கும் இது பழைய சின்னமே. சென்னைப் பரங்கிமலையில் 1547-இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையில் பகலவி எழுத்துகள் உள்ளன. மேலே ஒரு புறா இறங்குகிறது. சிலுவை என்னும் சொல்லும் சுரியானி மொழியிலிருந்து வந்ததே.

ஆனால், வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. கி.பி. 1095-இல் போப்பரசர் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பை ஏற்றவர்கள் ஆடையில் சிலுவையைத் தைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். 1099-இல் எருசலேமைப் பிடித்து, அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டி வீழ்த்தினார்கள். கொலையுண்டவரின் சின்னம் கொன்றவர்களின் மார்பில் இருந்தது!

ஆகவே நேயர்களே, ஒரு சின்னத்தின் பொருள் மரத்திலும் கல்லிலும் இல்லை. அதைத் தாங்குவோரின் செயலில் இருக்கிறது. அடுத்த முறை சிலுவையைக் காணும்போது, சாலையோரத்தில் மடிந்த பெயர் தெரியாத அந்த ஆறாயிரம் பேரையும் நாம் நினைவு கூர்வோமாக. அவர்களோடு ஒருவராக இயேசு நின்றார் என்பதே அச்சின்னத்தின் முதற்பொருள்.