கரிசல் மண்ணும் கைப்பிடி அரிசியும்

தமிழகத்தின் நில வரலாறு பெரும்பாலும் ஆற்றங்கரைகளின் வரலாறாகவே எழுதப்பெற்று வந்துள்ளது. காவிரிக்கும் வையைக்கும் பொருநைக்கும் கிடைத்த சிறப்பிடம், மழையையே நம்பி வாழும் புன்செய் நாடுகளுக்குக் கிடைத்ததில்லை. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அத்தகைய புன்செய் நாட்டின் ஊர்கள். சுந்தரர் பாடிய திருச்சுழியலைக் குண்டாறு தொட்டுச் செல்கிறது எனினும், ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறே. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையோடு ஓய்ந்துவிடும். ‘வானம் பார்த்த பூமி’ என்னும் வழக்கு இந்நாட்டுக்கு முற்றும் பொருந்தும். இந்நிலத்தின் குறைகள் எனக் கருதப்பட்ட சில, மக்களின் கைபட்டு வலிமைகளாக மாறிய வரலாற்றைச் சுருங்க நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணின் இயல்பு

கரிசல் மண்ணைப் பற்றி உழவர் கூறும் குறைகள் பல. நனைந்தால் காலை விடாது பற்றும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. நீரை உறிஞ்சி உப்பி, உலர்ந்தபின் சுருங்கும் நுண்ணிய களி இம்மண்ணில் மிகுதி. அக்களியே மழை நின்ற பின்னரும் பல வாரங்கள் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வெடிப்புகளின் வழியே மேல்மண் உள்ளே சரிவதால் நிலம் தன்னைத் தானே கிளறிக்கொள்கிறது. அடுத்த பருவத்தின் முதல் மழைநீரும் அவ்வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. எனவே ஐப்பசியில் விதைத்த பயிர், மழை ஓய்ந்த தை மாதத்திலும் மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே விளைந்துவிடுகிறது.

இம்மண்ணுக்கு ஏற்ற பயிராக நெடுங்காலம் விளங்கியது கருங்கண்ணிப் பருத்தி. ஆணிவேரை ஆழ இறக்கி, வறட்சியைத் தாங்கி நிற்கும் நாட்டுப் பருத்தி அது. 1901இல் கோவில்பட்டியில் தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மானாவாரிப் பயிர்களையே தன் ஆய்வுக்குரிய பொருளாகக் கொண்டது. நெல் விளையாத மேட்டில் பருத்தி விளைந்தது. பருத்தியை அடுத்துத் தறி வந்தது. அருப்புக்கோட்டை கைத்தறிச் சேலைக்குப் பெயர் பெற்றமைக்கு இம்மண்ணும் ஒரு காரணம் எனலாம்.

கைப்பிடி அரிசி

மண்ணினும் கொடிய குறையொன்றை இவ்வட்டாரத்து மக்களுள் ஒரு பகுதியினர் சுமந்தனர். அது பிறப்பின் பெயரால் விதிக்கப்பட்ட விலக்கு. தெற்கேயிருந்து வந்து அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்களுக்குக் கோயில் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தன. 1897இல் அவர்கள் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தமை வழக்காயிற்று. அவ்வழக்கு பல நீதிமன்றங்களைக் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது.

ஒதுக்கப்பட்டவர்கள் தமக்குள் ‘உறவின்முறை’ என்னும் அமைப்பை வலுப்படுத்திக்கொண்டனர். பேட்டைகளில் விற்கும் சரக்கின் மீது சிறு தொகையை ஊர்ப்பொதுவுக்கென எடுத்து வைத்தனர். அதன் பெயர் ‘மகமை’. இதனினும் எளியது ‘பிடி அரிசி’. அன்றாடம் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டு வைப்பர். அவ்வாறு வீடுதோறும் சேர்ந்த அரிசியைத் திரட்டி விற்பர். 1880களில் விருதுநகரில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை இத்தகைய வருவாயைக் கொண்டு வளர்ந்ததாகும். 1903இல் பிறந்த காமராசர் அங்குப் பயின்றவர். முதலமைச்சராக இருந்து 1956இல் அவர் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்தில், பொதுமக்கள் தந்த நன்கொடைக்கும் பெரும் பங்கு உண்டு. பிடி அரிசியின் நெறி அங்கு நாடளாவியதாக விரிந்தது என்று கருத இடமுண்டு.

இவ்வரலாற்றில் ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. மகமை தந்தவர்கள் கடைவீதியின் ஆடவர்; பிடி அரிசி தந்தவர்கள் அடுக்களையின் பெண்டிர். பெருந்தொகை வழங்கியோர் பெயர்களைக் கட்டடக் கல்வெட்டுகளில் பொறிப்பது வழக்கம். நாளுக்கொரு பிடி தந்தவளின் பெயருக்கு அங்கு இடம் இருப்பதில்லை. அவளோ தன் குடும்பத்தின் வயிற்றை அளந்து, அவ்வளவுக்குள் ஊருக்கும் ஒரு பங்கைக் கண்டவள். கரிசல் நாட்டின் கல்வி வரலாற்றை எழுதுவோர் அவளிடமிருந்தே தொடங்குதல் முறையாகும்.

முள்ளும் நூலும்

இதே மண்ணின் எளிமை துறவுக் கோலத்திலும் வெளிப்பட்டது. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் இரமண மகரிசி எனப்பட்டார். இளமையிலேயே தந்தையை இழந்தவர். 1896இல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது, தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கென இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்து, இரண்டை வைத்துவிட்டுச் சென்றார். தேவைக்கு மேல் தொடாத அந்த இயல்பு இறுதிவரை மாறவில்லை. மலைக்குகையில் வாழ்ந்த காலத்தில் கந்தலான துணியைத் தைக்க, முள்ளை ஊசியாக்கி, அத்துணியிலிருந்தே நூலை உருவிக்கொண்டார் என அவர் வரலாறு கூறும். காலில் தைக்கும் முள் கந்தலைத் தைக்கும் ஊசியாயிற்று.

வறுமை வேறு, எளிமை வேறு

இங்ஙனம் கூறுவதால் வறுமையைப் போற்றுவதாகக் கொள்ளலாகாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மாண்டவர் பல இலட்சம். அவர்தம் பசியில் ஒளிந்திருந்த நன்மை எதுவும் இல்லை. எளிமை ஒருவர் தாமே தேர்ந்துகொள்வது. வறுமை பிறரால் சுமத்தப்படுவது. கரிசல் ஈரத்தைக் காப்பது அதன் இயற்கை. மக்கள் ஒரு பிடியைக் காப்பதற்கோ உடன்பாடும் ஒழுங்கும் நாள் தவறாத உழைப்பும் வேண்டும். ஓர் உறவின்முறையின் எல்லைக்குள் தோன்றிய அவ்வொழுங்கு எல்லை கடந்து பரவியபோதுதான் அதன் முழுப்பயன் விளைந்தது.

கவிஞர்களுக்கு இவ்வரலாறு கூறுவதும் உண்டு. கரிசல் நாட்டுப் பேச்சு நெடுங்காலம் ஏட்டில் ஏறத் தகாத கொச்சை எனப்பட்டது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய இடைசெவல் உழவரான கி. ராஜநாராயணன் அப்பேச்சிலேயே எழுதினார்; கரிசல் வட்டாரச் சொற்களுக்கென ஓர் அகராதியும் தொகுத்தார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. உழவர் வாயில் வழங்கிய சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தமையும் பிடி அரிசி போன்றதே. நம் ஊர்களில் முதியோரோடு மறைந்துவரும் உழவுச் சொற்களும் தறிச் சொற்களும் இன்னும் மிகப் பல. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும், கூட்டத்துக்கு ஒரு சொல்லேனும் கொணர்ந்து பதிவு செய்தல் வேண்டும். அடுத்த மலர் அச்சொற்களின் தொகுப்போடு வெளிவருமாயின், அதுவே இவ்வட்டம் தான் தோன்றிய மண்ணுக்கு ஆற்றும் நற்பணியாகும்.