தேறலும் மண்டியும்

நொதித்த மதுவை அது விளைந்த கலத்திலிருந்து நேரே போத்தலில் அடைப்பதா, இடையே இன்னொரு கலத்துக்கு மாற்றி மண்டியை நீக்கிய பின் அடைப்பதா என்பது மேனாடுகளில் வீட்டிலே பியர் ஆக்குவோரிடையே நெடுநாளாக நிலவும் வழக்கு. பனைவளம் மிக்க யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினா கள்ளைப் பற்றியே எழுகின்றது. ஆயின் அதன் வேர் பழந்தமிழிலேயே காணப்படுகின்றது.

பெரும்பாணாற்றுப்படை அரிசிக்கள் ஆக்கும் முறையை விரித்துரைக்கும். அரிசிக் களியை வாயகன்ற பிழாவில் ஆற்றி, நெல்முளை சேர்த்து, இரு பகலும் இரு இரவும் கழித்துச் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவர். இங்கே கலம் மாறுவது நொதித்தற்கு முன்னர் ஆதலின், அதனை நம் வினாவுக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆனால் அந்நூல் அம்மதுவை அரியல் என்கின்றது. அரித்தெடுத்தது என்பது பொருள். தேறல் என்பதோ தெளிந்தது. கலங்கலையும் தெளிவையும் முன்னோர் வேறுபடுத்தி அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொற்களே போதும். யாழ்ப்பாணத்தார் கள் அருந்தும் ஓலைப் பிளாவும் அப் பழைய பிழாவும் ஒரு சொல்லே என்பது எமது துணிபு.

பனையிலே நொதித்தல் மரத்திலேயே தொடங்கிவிடுகின்றது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது கருப்பணி. தடவாத முட்டியில் ஒட்டியிருக்கும் மதுவம் சாற்றைக் கள்ளாக்கிவிடும். இறக்கிய கள்ளைப் பன்னாடையால் வடித்தால் தேனீயும் எறும்பும் நீங்குமேயன்றி மதுவம் நீங்காது. (நன்னூலார் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கிய நெய்யரியும் இப் பன்னாடையே; நல்லதை விட்டுக் கசடைப் பற்றும் அக்குணம் கள் வடிப்போர்க்கு உதவியே!) தவறணையில் அன்றன்றே குடித்து முடிந்தவரை இரண்டாம் கலத்துக்குத் தேவை இருக்கவில்லை.

ஆண்டின் முற்பாதியில் கள் பெருகும், பிற்பாதியில் அருகும். பெருகிய காலத்தில் விலைப்படாத கள் மறுநாளே காடியாகத் தொடங்கும். காலையும் மாலையும் மரமேறிய தொழிலாளியின் உழைப்பும் அதனோடு வீணாகும். 1970களில் கூட்டுறவுச் சங்கங்களும் 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் தோன்றிய பின்னர், கள்ளைப் போத்தலில் அடைத்துப் பேணுதல் இவ்விழப்பைத் தடுக்கும் வழியாயிற்று.

அப்போதே கலமாற்றம் சிக்கலாகின்றது. மண்டியோடு அடைத்தால் எஞ்சிய வெல்லத்தை மதுவம் தொடர்ந்து நொதிக்கச் செய்யும். காபனீரொட்சைட்டு பெருகிப் போத்தல் வெடிக்கவும் கூடும். மாற்றி ஊற்றினாலோ காற்று கலக்கின்றது. அசற்றிக்கமிலத்தை ஆக்கும் பற்றீரியாவுக்கு அக்காற்றின் ஒட்சிசனே வாழ்வு. பியர் ஆக்குவோர் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறிய பின்னரே தேர்ந்தெடுத்த மதுவத்தை இடுவதால், வாரக்கணக்கில் தெளியவிட அவர்களால் இயலும். கள்ளோ கொதி காணாதது. பாளையிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் யாவும் அதனுட் புகுந்திருக்கும். அத்தகைய கள்ளை நெடுநேரம் தெளியவிடுதல் புளிப்புக்கு அவகாசம் அளிப்பதாகும். ஆகவே கழுத்துவரை நிரப்பி மூடிய கலத்தில் சிறிது பொழுதே மண்டியைப் படியவிட்டு, மேல்தெளிவை அலைக்காது போத்தலில் இறக்கி, அடைத்தபின் சூடாக்குதலே தக்கது என்பேன். 1860களில் திராட்சை மது கெடாதிருக்க லூயி பாஸ்ரர் கண்ட வழியும் மிதமாகச் சூடாக்குவதே.

அவ்வாறு சூடாக்கிய கள் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் நுரைத்துப் பொங்கும் அதன் உயிர் அடங்கிவிடும். பிளாவில் குடித்துப் பழகியவர் அதனைக் கள் என ஒப்புவரோ என்பது வேறு வழக்கு. போத்தலுக்கும் மிஞ்சிய கள்ளுக்கு வடமராட்சியில் திக்கம் வடிசாலை எழுந்தது. சாராயம் ஆவியாகி மேலெழுவதால், அங்கே மண்டியைப் பற்றிய கவலை எவர்க்கும் இல்லை.