மெய்யறிவின்பால் காதல்

நம் பிள்ளைகள் கல்லூரியில் ‘பிலாசபி’ என்று பயிலும் துறையின் பெயர் கிரேக்க மொழிக்குரியது. அறிவுடைமை என்பது அதன் பொருளன்று; மெய்யறிவின்பால் கொண்ட காதல் என்பதே பொருள். இவ்வேறுபாடு சிறிதன்று. காதலிப்போன் தன்பால் இல்லாததையே நாடுகின்றான். தேவர் மெய்யறிவைத் தேடுவதில்லை, அஃது அவர்பால் முன்னரே உளது என்னும் கருத்தைப் பிளேட்டோ தம் ‘சிம்போசியம்’ என்னும் நூலில் அமைத்துள்ளார்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் சோபிஸ்டுகள் என்போர் பொருள் பெற்றுச் சொல்வன்மை கற்பித்தனர். (அவர் அனைவரையும் இகழ்தல் முறையன்று, புரோட்டகோரஸ் பெருஞ் சிந்தனையாளரே.) பிளேட்டோவின் ஆசான் சாக்ரட்டீசோ ஊதியம் பெற்றிலர். அரசியலாரையும் கவிஞரையும் கைவினைஞரையும் கடைத்தெருவில் நின்று வினவினார். அறியாததை அறிந்ததாக எண்ணாமை ஒன்றே தமக்குள்ள சிறப்பு என்றார். வினவப்பட்டோர் நாணினர், நாணம் சினமாயிற்று.

கி.மு. 399இல், 70 வயதில், நகரத் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞரைக் கெடுத்தார் என்னும் குற்றச்சாட்டின்மேல் அவர் மன்றில் நிறுத்தப்பட்டார். ஆராய்ச்சியைக் கைவிடின் விடுதலை எனினும் ஏற்கேன் என்று அவர் உரைத்ததாகப் பிளேட்டோ எழுதுகின்றார். மன்றம் இறப்புத் தண்டனை விதித்தது. நண்பர் கிரிட்டோ சிறையினின்று தப்ப வழி செய்தும் அவர் இசைந்திலர். நஞ்சு அருந்திய நாளிலும், உயிர் அழியாதது என்னும் தம் கொள்கைக்கு நண்பர் எழுப்பிய ஐயங்களைப் பொறுமையுடன் கேட்டு விடை கூறிக்கொண்டிருந்தார்.