ஆறு பாகைக்கு அப்பால்: சனி வளையங்களின் கணினி அனிமேஷனில் மெய்மை

சனிக்கோளைக் கணினியில் உருவாக்குவோர் பலரும் கையாளும் வழி எளிது. தட்டையான ஒரு வட்டை எடுத்து, விண்கலம் எடுத்த வளையப் படத்திலிருந்து வெட்டிய கீற்றொன்றை அதன்மேல் சுற்றி ஒட்டி, இடைவெளிகள் வரும் இடங்களில் ஒளிபுகவிட்டுக் கோளின் நடுவில் செருகிவிடுகிறார்கள். அசையாத படமாக வைத்திருக்கும்வரை இதில் குறை தெரியாது. கேமரா நகர்ந்து, சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் போனதும் அத்தனையும் பொய்யாகிவிடுகிறது. இப்படி ஒட்டும் படமான டெக்ஸ்சரின் நுணுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் இந்தப் பொய் தீராது என்பதே இக்கட்டுரையின் வாதம். வளையத்துக்கென்று நிலையான வெளிச்சம் கிடையாது. சூரியன், வளையத்தின் பனித்துகள், பார்ப்பவர் ஆகிய மூன்றும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே அது தீர்மானமாகிறது. ஆகவே மெய்மையை ஒளிச்சிதறல் கணக்கில்தான் தேட வேண்டும்.

சனியைப் பற்றி நம் மனத்தில் பதிந்திருக்கும் தோற்றம் மிகக் குறுகிய கோணத்தில் உருவானது. பூமியிலிருந்து பார்க்கையில், சனிக்குச் சூரியன் இருக்கும் திசைக்கும் நாம் இருக்கும் திசைக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ ஆறு பாகையைத் தாண்டுவதில்லை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நூற்றாண்டுக் கணக்கில் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறோம். நடுவே பளிச்சென்று பி வளையம், வெளியே சற்று மங்கிய ஏ வளையம், இரண்டுக்கும் இடையில் கருங்கோடாகக் காசினி இடைவெளி, உள்ளே புகைபோலச் சி வளையம் என்ற வரிசை அப்படித்தான் நிலைபெற்றது. 1979 செப்டம்பரில் பயனியர் 11 விண்கலம் வளையங்களின் ஒளிபடாத பக்கத்தைப் படமெடுத்தபோது இந்த வரிசை தலைகீழானது. பி வளையம் இருண்டு கிடந்தது; சி வளையமும் காசினி இடைவெளியும் ஒளிர்ந்தன. இன்றும் பல அனிமேஷன்களில் கேமரா ஒளிபடாத பக்கம் போன பிறகும் பி வளையம் பழையபடியே பளபளக்கிறது. கேமரா மட்டும் விண்வெளிக்குப் போயிருக்கிறது. பார்வை பூமியிலேயே நின்றுவிட்டது.

தலைகீழாவதன் காரணத்தைச் சிறு கணக்கு ஒன்றிலேயே காணலாம். துகள்கூட்டம் ஒளியை எவ்வளவு மறிக்கிறது என்பதை ஒளியியல் ஆழம் என்ற எண்ணால் குறிப்பார்கள். சி வளையத்துக்கு அது 0.1 அளவில் இருக்கும். பி வளையத்துக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். சூரியனும் கேமராவும் வளையத் தளத்திலிருந்து 20 பாகை சாய்வில் இருப்பதாகவும், ஒளி ஒரு முறை மட்டுமே சிதறுவதாகவும், துகள்கள் எல்லாம் ஒரே தன்மையின என்றும் கொண்டால், ஒளிபடும் பக்கத்தில் பி வளையம் சி வளையத்தைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல் பிரகாசமாக வருகிறது. கேமராவை மறுபக்கம் கொண்டுபோனால் சி வளையமே பி வளையத்தைப் போலச் சுமார் 13 மடங்கு ஒளிர்கிறது. துகள் அறவே இல்லாத இடத்தில் சிதறடிக்க ஏதுமில்லை. துகள் மிக நெருங்கிய இடத்தில் சிதறிய ஒளி வெளியேற வழியில்லை. நடுத்தர அடர்த்திக்குத்தான் அங்கே மதிப்பு. சி வளையத் துகள்கள் மெய்யாகவே அழுக்கு கூடியவை என்பதால் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது. ஒட்டிய படம் எத்தனை கோடிப் பிக்சல் கொண்டதாயினும் இந்த மாற்றத்தைத் தானாகக் காட்டாது.

இவ்வளவு கணக்கும் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒத்துவந்தது. வாயேஜர் விண்கலங்களின் பயணத்தை அனிமேஷனாக்கிய ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஜேம்ஸ் பிளின், சனி வளையங்களை வரைவதற்காக உருவாக்கிய ஒளிச்சிதறல் முறையை 1982இல் கட்டுரையாக வெளியிட்டார். மேகம், தூசி போன்றவற்றை வரையும் பிற்காலக் கணினி வரைகலைக்கு அது ஒரு தொடக்கம். துகள்களை ஒவ்வொன்றாக வரையாமல், அடுக்கு முழுவதற்குமான சமன்பாட்டால் பிக்சலின் ஒளியைக் கணிப்பதே அதன் உத்தி. அப்படிப்பட்ட அடுக்குகளின் இயற்பியலை விரிவாக வகுத்த நூல்களுள் ஒன்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950இல் வெளியிட்ட கதிர்வீச்சுப் பரவல் பற்றிய நூல். தேவையான தரவுக்கும் பஞ்சமில்லை. 1981இல் வாயேஜர் 2, டெல்டா ஸ்கார்ப்பி விண்மீன் வளையங்களுக்குப் பின்னால் மறைந்து மறைந்து தெரிந்ததை அளந்தது. சில நூறு மீட்டர் நுணுக்கத்தில் ஒளியியல் ஆழம் அதிலேயே கிடைத்துவிட்டது. ஒட்டவேண்டியது வண்ணப்படத்தை அன்று, இந்த அளவீட்டை.

மெய்யான ஒளிப்படத்தைவிட மெய்மை வேறென்ன என்பது வலுவான மறுப்பு. 2018இல் வெளிவந்த ‘இன் சாட்டர்ன்ஸ் ரிங்ஸ்’ படம், கணினியில் செய்த உருவங்களைத் தவிர்த்து விண்கலப் படங்களை அடுக்கியே உருவானது. அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட கணத்தின் கோணத்துக்கு மட்டுமே சாட்சி. பி வளையத்தில் வாயேஜர் கண்ட ஆரக்கால் போன்ற பட்டைகள் இதற்குக் கண்கூடான சான்று. அவற்றின் நுண்தூசி சூரியனை முதுகில் வைத்துப் பார்க்கையில் கருப்பாகவும், சூரியனை நோக்கிப் பார்க்கையில் வெளுப்பாகவும் தெரிகிறது. வெயிலுக்கு எதிரே வண்டி திரும்பியதும் முன்கண்ணாடித் தூசி பளீரென்று எழுவதும் இதே விளைவுதான். பட்டையைக் கருப்பாகவே டெக்ஸ்சரில் பதித்துவிட்டால் பாதிக் காட்சிகளில் அது தவறு.

இதைவிடக் கூர்மையான மறுப்பு மறுபக்கத்திலிருந்து வரும்: அந்தச் சமன்பாடும் பொய்தானே? துகள்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் விலகி, அடுக்கெங்கும் சீராகப் பரவியிருப்பதாக அது கொள்கிறது. ஏ வளையத்தில் துகள்கள் தம் ஈர்ப்பாலேயே சாய்ந்த கொத்துகளாகத் திரள்வதால், ஒரே இடத்தின் ஒளி மறிப்புகூடப் பார்க்கும் திசைக்கேற்ப மாறுகிறது. இக்குறையை ஏற்கத்தான் வேண்டும். ஆயினும் சமன்பாட்டின் பிழையை அளவிட்டுத் திருத்தலாம். திசை சார்ந்த ஓர் உறுப்பைச் சேர்த்தால் போதும். படத்தில் உறைந்துவிட்ட வெளிச்சத்தை அப்படிப் பிரித்தெடுப்பது எளிதன்று.

இயக்கத்திலும் இதே கதைதான். டெக்ஸ்சரில் கீறல்களைப் போட்டு வட்டு முழுவதையும் ஒரே வேகத்தில் சுழற்றுவது வழக்கம். ஆனால் வளையம் திண்மமாக இருக்க முடியாதென்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1850களில் காட்டினார். உட்பகுதி விரைவாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் சுற்றுவதை வானியலாளர் கீலர் 1895இல் நிறமாலையால் உறுதிசெய்தார். பி வளையத்தின் உள்விளிம்பு சுமார் 8 மணி நேரத்திலும் வெளிவிளிம்பு 11 மணி நேரத்துக்குச் சற்று மேலும் ஒரு சுற்றை முடிக்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் சுழற்சி அநேகமாகத் தெரியவே தெரியாது, அதுவே மெய். பாறைகளுக்கிடையே கேமரா புகுந்து போகும் காட்சியும் அப்படித்தான். நொடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வளையத்தின் 10 மீட்டர் தடிமனைச் செங்குத்தாகக் கடக்க அரை மில்லிநொடி போதும். நொடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் அது ஒரு சட்டகத்துக்குக்கூடக் காணாது.

இருண்ட பி வளையத்தைப் பார்வையாளர் ஏற்கமாட்டார் என்பார்கள். 1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யின் படக்குழு நம்பும்படியான வளையங்களைச் செய்ய முடியாமல் கதையின் இலக்கைச் சனியிலிருந்து வியாழனுக்கு மாற்றியதை நினைத்தால், இந்த அச்சம் புரிகிறது. ஆனால் பளிச்சென்ற பி வளையம் வேண்டும் என்ற இயக்குநர் இயற்பியலை வளைக்கத் தேவையில்லை. கேமராவை ஒளிபடும் பக்கத்தில் நிறுத்தினால் போதும். எது அந்தப் பக்கம் என்பதைக் கதை நடக்கும் தேதி சொல்லிவிடும். சனியின் 2025 மே மாதச் சம இரவு நாளிலிருந்து சூரியன் வளையத் தளத்தின் தென்புறம் இருக்கிறது. 2030களின் பெரும்பகுதியில் நடப்பதாக அமைக்கும் எந்தக் காட்சியிலும் சூரிய ஒளி நேரே விழுவது வளையங்களின் தென்முகத்தில்தான். வடமுகத்தில் சி வளையமும் காசினி இடைவெளியும் ஒளிர, பி வளையம் சனியின் எதிரொளியில் மங்கலாகத் தெரிய வேண்டும்.