மலைக்குளிரும் நினைவக விகிதமும்: கேமரன் மலைச் சூழலில் ஒரு கணக்காய்வு

உற்பத்தியாளர் வரையறுத்த வேகத்தைக் காட்டிலும் கூடுதலான வேகத்தில் கணினிச் செயலியை இயக்குவது ஓவர்கிளாக்கிங் எனப்படுகிறது. குளிர்ந்த ஊர்களில் இதைத் தாராளமாகச் செய்யலாம் என்ற கருத்து ஆர்வலரிடையே பரவலாக உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவையும், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தையும் உள்ளடக்கிய பகாங் மாநிலத்துக் கேமரன் மலை, மலேசியச் சமவெளியைவிடப் பல பாகை குளிர்ந்திருப்பதால், அக்கருத்தை எடைபோட ஏற்ற களமாகும். அக்கருத்து பாதியளவே உண்மை. குளிர் உயர்த்துவது பெரும்பாலும் செயலியின் எல்லையைத்தானே அன்றி நினைவகத்தின் எல்லையை அன்று என்பதால், சமவெளியில் கண்டறிந்த நினைவக விகிதத்தை மலைக்கு அப்படியே கொண்டுவருவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் தரவுப்பாதை பஸ் எனப்படும். அதன் அடிப்படைத் துடிப்பை, பெருக்கி எனப்படும் ஓர் எண்ணால் பெருக்கினால் செயலியின் வேகம் கிடைக்கும். அதே துடிப்பை ஒரு விகிதத்தால் மாற்றினால் நினைவகத்தின் வேகம் கிடைக்கும். 1998இல் வெளிவந்த செலரான் 300ஏ செயலியின் பஸ்ஸை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு உயர்த்தி, 4.5 என்ற பெருக்கியால் 450 மெகாஹெர்ட்ஸ் பெற்றதே இக்கலையைப் பலரிடம் கொண்டுசேர்த்தது. பெருக்கி பூட்டப்பட்டிருந்த செயலிகளில் பஸ்ஸை உயர்த்துவதன்றி வேறு வழியில்லை; பஸ் உயர்ந்தால் நினைவகமும் கூடவே உயரும். விகிதத்தின் தேவை இங்கேதான் எழுகிறது.

2006இல் வெளிவந்த கோர் 2 டுவோ இ6600 செயலியை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். இதன் பஸ் 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 9, வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். இதனுடன் டிடிஆர்2-800 நினைவகத்தைப் பொருத்தி, பஸ்ஸுக்கும் நினைவகத்துக்கும் 2:3 விகிதம் வைத்தால், நினைவகம் தனக்கு உரிய 400 மெகாஹெர்ட்ஸில் ஓடும். விகிதத்தை மாற்றாமல் பஸ்ஸை மட்டும் 333க்கு உயர்த்தினால் நினைவகம் 500 மெகாஹெர்ட்ஸை எட்ட முயலும்; கணினி பெரும்பாலும் எழும்பாது. பழி செயலியின்மேல் விழும், குற்றமோ விகிதத்தினுடையது. 5:6 என்று மாற்றினால் நினைவகம் மீண்டும் 400க்கு இறங்க, செயலி 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும்.

சமவெளியில் இந்த 333 மெகாஹெர்ட்ஸே எல்லையாக இருந்த ஒரு கணினி, மலையின் குளிரில் 360 வரை தாங்குகிறது என்று கொள்வோம். பழைய 5:6 விகிதம் இப்போது நினைவகத்தை 432க்குத் தள்ளிவிடும். வெப்பம் குறைந்ததால் செயலிக்குள் கசியும் மின்னோட்டம் குறைந்து அதற்கு இடம் கிடைத்தது உண்மையே. ஆனால் நினைவகச் சில்லுகளை முதலில் தடுப்பது வெப்பத்தைவிடச் சமிக்ஞைகளின் நேர ஒழுங்குதான் என்பதால், அச்சலுகை அவற்றுக்கு அவ்வளவாகக் கிட்டுவதில்லை. எனவே 1:1 விகிதத்துக்கு இறங்கி, நினைவகத்தையும் 360இல் வைப்பதே முறை.

இதனால் இழப்பு நேரும் என்று அஞ்சுவோர் இரண்டு எண்களை நோக்க வேண்டும். ஒரு துடிப்புக்கு நான்கு முறை, முறைக்கு 8 பைட் எனத் தரவு கடத்தும் அந்த பஸ், 360 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஏறத்தாழ 11.5 ஜிகாபைட் கொள்ளும். இரட்டைத் தடத்தில் 1:1ஆக இயங்கும் நினைவகம் தருவதும் சரியாக அதே அளவு. பஸ் வாங்க முடியாததை நினைவகம் வாரி வழங்கிப் பயனில்லை. மேலும், கேட்ட தரவு வந்துசேர நினைவகம் காத்திருக்கச் செய்யும் துடிப்புகளின் எண்ணிக்கையை, வேகம் குறைந்திருப்பதால் 5இலிருந்து 4ஆகக் குறைக்க வாய்ப்புண்டு. அவ்வாறு குறைத்தால் 400இல் 12.5 நானோநொடியாக இருந்த தாமதம் 360இல் 11.1 நானோநொடியாகிறது. மெதுவாக ஓடும் நினைவகம் விரைவாகப் பதில் தரும் இந்நிலையை, பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணை மட்டும் பார்ப்போர் உணர்வதில்லை.

மலைக்காற்றைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. அவ்வுயரத்தில் காற்று சமவெளியைவிடச் சுமார் எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே வேகத்தில் சுழலும் விசிறி அங்கே குறைவான வெப்பத்தையே அள்ளிச் செல்லும். குளிரின் ஆதாயத்தில் ஒரு பகுதியை இது திரும்ப எடுத்துக்கொள்வதால், வெப்பமானி காட்டும் வேறுபாட்டை அப்படியே செயலியின் ஆதாயமாகக் கொள்ளலாகாது. இரவுக் குளிரில் தேறிய அமைப்பு நண்பகலில் தவறக்கூடும் என்பதால், சோதனையைப் பகலின் வெம்மையான வேளையில் நடத்துவதே நேர்மையான முறை. முதலில் விகிதத்தைத் தாழ்த்தி நினைவகத்தை ஐயத்திலிருந்து விலக்கி, பின்பு பஸ்ஸை உயர்த்திச் செயலியின் எல்லையைப் பிரைம்95 என்னும் சோதனை நிரல் கொண்டு கண்டு, இறுதியாகவே விகிதத்தை முடிவுசெய்து மெம்டெஸ்ட்86 என்னும் நினைவகச் சோதனை நிரலை ஓட்ட வேண்டும்.

2008இல் இன்டெல் நெஹலெம் செயலியோடு பழைய பஸ்ஸைக் கைவிட்டது. ஆயினும் சிக்கல் மறையவில்லை. 2019இல் வந்த ரைசன் 3000 செயலி வரிசையில், நினைவகத்தை டிடிஆர்4-3600 அளவில் வைத்தால் செயலியின் உள்ளிணைப்பும் நினைவகக் கட்டுப்படுத்தியும் அதனுடன் 1:1ஆக இயங்கும். 3733ஐத் தாண்டினால் கட்டுப்படுத்தி இயல்பாகப் பாதி வேகத்துக்கு இறங்க, தாமதம் கூடிவிடும். ஆகவே, தம் கணினியின் அமைப்பைப் பிறர் பின்பற்றுமாறு வெளியிடுவோர் பஸ், பெருக்கி, விகிதம் ஆகியவற்றோடு அறையின் வெப்பநிலையையும் ஊரின் உயரத்தையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.