மனித உரிமை மீறல் முன்தடுப்பு: திருமயமும் புதுக்கோட்டை வட்டாரமும்

மனித உரிமை மீறல் முன்தடுப்பு என்பது ஒருவரின் உயிர், உடல், மானம், உழைப்பு ஆகியவற்றுக்குத் தீங்கு நேரும் முன்பே அதைத் தடுத்து நிறுத்தும் சட்டங்கள், நிர்வாக நடைமுறைகள், மக்கள் முயற்சிகள் ஆகியவற்றின் தொகுப்பு. நடந்து முடிந்த கொடுமைக்குத் தண்டனை வாங்கித் தருவதும் இழப்பீடு வழங்குவதும் இதற்கு அடுத்த கட்டப் பணிகள். புதுக்கோட்டை மாவட்டத்தில் முன்தடுப்பின் வரலாறு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீளமுடையது. தேவதாசி முறைக்கு எதிரான சட்டம், கல்குவாரிப் பெண்களின் விடுதலை, வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி நிகழ்வு, 2025-இல் திருமயம் வட்டத்தில் நடந்த ஜகபர் அலி கொலை ஆகியவை அதன் முக்கியக் கட்டங்கள். தடுப்பதற்கான அதிகாரம் பெரும்பாலும் சட்டத்தில் முன்கூட்டியே இருந்தது. முதல் எச்சரிக்கை வந்தபோது அதைக் கையில் எடுத்தார்களா என்பதைப் பொறுத்தே முடிவு அமைந்தது.

உலக அளவில் தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கை, தண்டிப்பதோடு தடுப்பதையும் அரசுகளின் கடமையாக்கியது. சித்திரவதைக்குச் சாட்சி தேடுவதைவிட, சிறைகளையும் காவல் நிலையங்களையும் முன்னறிவிப்பின்றிப் பார்வையிடும் முறை வந்தால் சித்திரவதையே குறையும் என்று ஜெனீவாவைச் சேர்ந்த ழான்-ழாக் கோத்தியே 1970-களில் வாதிட்டார். அந்த எண்ணம் 1987-இல் ஐரோப்பிய உடன்படிக்கையாகவும், 2002-இல் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையாகவும் வடிவம் பெற்றது. இந்தியா 1997-இல் மூல உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, ஆனால் அதை இன்னும் உறுதிசெய்யவில்லை.

இந்தியாவில் தேசிய மனித உரிமை ஆணையம் 1993-இலும் தமிழ்நாடு மாநில ஆணையம் 1997-இலும் அமைந்தன. கைதுசெய்யும்போது பின்பற்ற வேண்டிய 11 விதிகளை உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996-இல் வகுத்தது. கைதானவரின் உறவினருக்குத் தகவல் சொல்வது, கைதுக் குறிப்பில் சாட்சியின் கையெழுத்து வாங்குவது, 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்வது ஆகியவை அவற்றில் அடங்கும். அப்படியிருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், அந்நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தும் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். அதே ஆண்டு டிசம்பரில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளை 18 மாதம் வரை பாதுகாக்க வேண்டும் என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

புதுக்கோட்டையில் தொடக்கம்

இவ்வட்டாரத்தில் முன்தடுப்பை முதன்முதலில் சட்ட மொழியில் பேசியவர் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர் என்பதால், சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தின் கொடுமையை முத்துலட்சுமி வீட்டிலிருந்தே அறிந்திருந்தார். சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்த அவர், 1927-இல் இவ்வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல், கோயில் மானிய நிலங்களை வைத்திருந்த தேவதாசிகள் கோயில் ஊழியத்திலிருந்து விடுபட்டு நிலத்தைத் தாங்களே வைத்துக்கொள்ள வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது. 1930-இல் பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை முன்வைத்தார்.

இதற்கு எழுந்த எதிர்ப்பில் திருமயத்துக்கும் இடமுண்டு. 1887-இல் திருமயத்தில் பிறந்த விடுதலைப் போராட்டத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி இந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்தார். அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலேயே ஓராண்டு இடைவெளியில் பிறந்த இருவர் இப்படி எதிரெதிரே நின்றார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் மேடை மேடையாகச் செய்த பிரசாரத்துக்குப் பின், 1947-இல் சென்னை தேவதாசிகள் (பொட்டுக்கட்டுதல் தடுப்பு) சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டப்பட்ட பின் ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சீர்செய்வது அரிது என்பதால், சடங்கு நடக்கும் முன்பே சட்டம் குறுக்கிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

சட்டம் வரும்வரை முத்துலட்சுமி காத்திருக்கவில்லை. அம்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தபோது அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வை இல்லம் அதிலிருந்து பிறந்தது. தப்பி வருகிறவருக்குப் போக்கிடம் இல்லாமல் எந்தத் தடுப்புச் சட்டமும் வேலை செய்யாது என்பதை அவர் அன்றே செயலில் காட்டினார்.

கல்குவாரியும் கொத்தடிமையும்

திருமயத்தையும் குடுமியான்மலையையும் உள்ளடக்கிய இந்நிலம் கருங்கல் பூமி. குவாரித் தொழிலாளி ஒருவர் கல்யாணச் செலவுக்கோ மருத்துவச் செலவுக்கோ முன்பணம் வாங்குவார். கூலியில் கழித்தும் கடன் தீராது. தீரும்வரை வேறிடம் போகவும் முடியாது, பிறகு பிள்ளைகளும் கல்லுடைக்க வருவார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 இக்கடன்களைச் செல்லாதவையாக்கியதோடு மாவட்டந்தோறும் கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் கட்டளையிட்டது. ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கில், கொத்தடிமைகளைத் தேடிக் கண்டறிவது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது.

புதுக்கோட்டையில் இதற்கு அடுத்த கட்டம் 1990-களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் சைக்கிளும் ஒருசேரக் கற்றனர். அதே காலத்தில், குவாரிகளில் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விடும் முயற்சியை மாவட்ட நிர்வாகம் மேற்கொண்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கொத்தடிமைகளை மீட்டு ஊருக்கு அனுப்பினால், வேலையற்றவர் மறுபடியும் முன்பணம் வாங்கி அதே குவாரிக்குப் போவது நடக்கும். குத்தகையே உழைப்பவர் கையில் இருக்கும்போது, முன்பணம் கொடுத்துக் கட்டிவைக்கும் ஆளுக்கு அங்கே இடமில்லை. மீறலுக்குக் காரணமான ஏற்பாட்டையே மாற்றிய இம்முயற்சி, இவ்வட்டார முன்தடுப்பு வரலாற்றில் தலைசிறந்தது.

வன்கொடுமைத் தடுப்பும் வேங்கைவயலும்

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 1995-ஆம் ஆண்டு விதிகளும் நிர்வாகத்துக்கு விரிவான முன்தடுப்பு அதிகாரம் தருகின்றன. வன்கொடுமை நிகழக்கூடிய ஊர்களை அடையாளம் காண்பது, துப்பாக்கி உரிமங்களை ரத்துசெய்வது, விழிப்புணர்வு முகாம் நடத்துவது ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரு முறை கூட வேண்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களுக்குக் குடிநீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருப்பது தெரியவந்தது. ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவும் நேரில் சென்றபோது, அப்பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதும், கோயிலுக்குள் அம்மக்கள் விடப்படுவதில்லை என்பதும் வெளிப்பட்டன. அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற அதிகாரிகள், தீண்டாமை கடைப்பிடித்தோர் மீது வழக்கும் பதிவுசெய்யவைத்தனர். தொட்டி வழக்கில் 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே மக்களில் மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததும், அதை ஊர் மக்கள் ஏற்க மறுத்ததும் தனியே விவாதிக்க வேண்டியவை. முன்தடுப்பு நோக்கில் வேங்கைவயல் சொல்லும் பாடம் வேறு. தேநீர்க் கடையில் தனியாகத் தொங்கும் குவளை ஒளித்துவைத்த பொருளல்ல. எந்த அதிகாரியும் எந்த நாளும் பார்த்திருக்கக்கூடியது அது. அதைப் பார்த்துப் பதிவுசெய்வதே விதிகள் கேட்கும் முதல் வேலை.

திருமயம், 2025

திருமயம் அருகே வெங்களூரைச் சேர்ந்த ஜகபர் அலி அ.தி.மு.க.வின் முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். திருமயம் வட்டாரக் குவாரிகளில் சட்டத்துக்குப் புறம்பாகக் கல் வெட்டப்படுவதாகத் தொடர்ந்து அதிகாரிகளிடம் மனு கொடுத்து வந்தார். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் வரும்போது லாரி மோதி உயிரிழந்தார். முதலில் விபத்து என்று பதிவான வழக்கு, மனைவியின் புகாருக்குப் பின் கொலை வழக்காக மாறியது. குவாரி உரிமையாளர்கள் உட்பட ஐவர் கைதாகினர். திருமயம் காவல் ஆய்வாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. கனிமவளத் துறை குவாரிகளை அளக்கத் தொடங்கியது.

அவர் உயிரோடு இருந்தபோது கேட்டதும் முறைகேட்டின் மீது நடவடிக்கையைத்தான். அவர் கொலைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2023 ஏப்ரலில், தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தல் பற்றிப் புகார் அளித்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகளுக்கு அதே ஆண்டில் ஆயுள் தண்டனை கிடைத்தது. விரைந்து வந்த தண்டனை பாராட்டத்தக்கதுதான். ஆனால் அது முன்தடுப்பு ஆகாது.

இத்தகைய மரணங்களுக்கு நிர்வாக நடைமுறையில் ஒரு காரணம் உண்டு. மனுவில் மனுதாரரின் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் இருக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனு ‘மேல்நடவடிக்கைக்காக’ வட்ட அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ வந்து சேரும். எதிர்த்தரப்பை அழைத்து விசாரிக்கும்போதே மனுப்போட்டவர் யார் என்பது வெளியாகிவிடும். பெயரைக் காக்கவென்றே நாடாளுமன்றம் 2014-இல் நிறைவேற்றிய, முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்கு வரவில்லை. உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், மிரட்டலுக்கு உள்ளாகும் சாட்சியின் விண்ணப்பத்தின் பேரில் காவல்துறை ஐந்து வேலைநாளில் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும் என்கிறது. ஆனால் வழக்கே பதிவாகாத நிலையில் மனுதாரர் சாட்சியாகக்கூடக் கருதப்படுவதில்லை.

தடுப்பின் மறுபக்கம்

தடுப்பு என்ற பெயரிலேயே உரிமைகள் பறிபோனதும் வரலாறு. பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தைக் குற்றவாளியாக்கிய 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டம், பின்னர் சென்னை மாகாணத்துக்கும் வந்து பிரமலைக் கள்ளர் உட்படப் பல சமூகங்களைக் கைரேகைப் பதிவுக்கும் இரவு வருகைப் பதிவுக்கும் ஆளாக்கியது. 1920-இல் பெருங்காமநல்லூரில் எதிர்த்தோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ்நாட்டில் 1982 முதல் உள்ள குண்டர் தடுப்புச் சட்டம் விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்க இடமளிக்கிறது. வலியவரிடமிருந்து எளியவரைக் காக்கும் தடுப்பும், அரசு சந்தேகிப்பவரை அடைத்துவைக்கும் தடுப்பும் ஒன்றல்ல.

இன்றைய நிலை

முன்தடுப்புக்குத் தேவையான கருவிகளில் பல ஏற்கெனவே கையில் உள்ளன. கொத்தடிமைக் கண்காணிப்புக் குழுவும் வன்கொடுமைக் கண்காணிப்புக் குழுவும் சட்டப்படி உள்ளவை. குற்றம் நடக்கும் முன் தலையிடவும், மிரட்டுவோரிடம் நன்னடத்தைப் பிணை வாங்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இடம் தருகிறது. இல்லாதது மனுதாரருக்கான காப்பு. மனு வந்த அன்றே அவருக்குள்ள ஆபத்தை எடைபோடுவதும், புகாருக்குள்ளான துறையிடமோ ஆளிடமோ அவர் பெயர் போகாமல் பார்த்துக்கொள்வதும், குவாரியை அளந்து முடிவை ஊரறிய வெளியிடுவதும் மாவட்ட நிர்வாகமே செய்யக்கூடியவை. அளவு வெளியான பின் மனுதாரரைக் கொன்று மறைக்க எதுவும் மிஞ்சாது. திருமயத்தில் மனுப்போடுகிறவருக்கு இந்தக் காப்பு கிடைப்பதே இந்த மாவட்டம் அடுத்து எட்ட வேண்டிய கட்டம்.