மடு வீதியும் ஒரு போத்தல் பெற்றோலும்

ரொறன்ரோவிலிருந்து மருமகன் கேட்டிருந்தான்: "மாமா, என்ரை காருக்கு நைட்ரஸ் போடுறதோ, டேர்போ போடுறதோ?" நான் கலைப்பட்டதாரி. ஆயினும் தேடிப் படித்தேன்.

விடயம் ஒட்சிசன்தான். அது கூடினாலே எரிபொருளும் கூடுதலாக எரியும். 1905இல் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி காப்புரிமை பெற்ற டேர்போ, வீணாக வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று காற்றை நெருக்கி உள்ளே தள்ளுகிறது. நைட்ரஸ் ஒட்சைட்டு சூட்டிற் பிரிந்து ஒட்சிசனைத் தருகிறது. அதன் நிறையில் 36 வீதம் ஒட்சிசன், காற்றில் 23 வீதமே. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் டேர்போவையும், ஜேர்மனிய விமானங்கள் சில நைட்ரஸையும் நம்பிப் பறந்தன. ஆனால் நைட்ரஸ் போத்தலில் வருவது. போத்தல் முடிந்தால் விசையும் முடிந்தது.

போத்தல் என்றதும் எனக்கு மடு நினைவுக்கு வந்துவிட்டது.

1990இல் வடக்கின்மீது விழுந்த பொருளாதாரத் தடை, 2002 போர்நிறுத்தத்தோடுதான் பெருமளவு நீங்கியது. இடையிலே பெற்றோல் மருந்துபோலானது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் ஏழளவில் இருந்த பழைய ஒஸ்ரின் ஏ40 இதைப் பொறுத்துக்கொண்டது. விகிதம் கூடிய புதிய யப்பானியக் கார்கள் 'டக் டக்' என்று இடித்து முற்றத்திலேயே நின்றன. கழிக்கப்பட்ட கிழட்டுக் கார்களுக்கு அப்படியொரு மரியாதை பின்னர் கிடைத்ததில்லை! எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி என்ஜின் ஒயிலைக் கரைக்க, பேரிங்குகள் தேய்ந்தன. கராஜ்காரர் அறிந்தே செய்தார்கள்.

மடுத் தேவாலயச் சூழலில் அகதிகள் ஆயிரக்கணக்கில் தங்கியிருந்த காலத்தில், இளம் நிருபனாக நான் அங்கு போனதுண்டு. நோயாளரை ஏற்றும் ஒரு சாரதியின் ஆசனத்தடியில் இரு சிறு போத்தல்கள் இருந்தன. "ஒண்டு போக, மற்றது வர" என்றார். நடுக்காட்டில் இயந்திரம் நின்றால்?

"வர வைச்சதை ஊத்துவன், தம்பி. திரும்பி வாறதைப் பிறகு பாப்பம்."

மண்ணெண்ணெயும் தட்டுப்பாடுதான். அவர் தாங்கியில் ஊற்றிய ஒவ்வொரு லீற்றரும் எங்கோ ஒரு பிள்ளை படிக்கும் ஜாம்போத்தல் விளக்கிலிருந்து போனது. அந்தக் கணக்கை அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை, செய்தியிலும் எழுதவில்லை.

மருமகனுக்கு, அன்றாட ஓட்டத்துக்கு டேர்போவே ஏற்றது, முதலில் இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் தாங்குமா என்று கராஜில் கேள் என எழுதியனுப்பினேன். போத்தல்களைப் பற்றி அவனுக்கு எழுதவில்லை.